நான்கு அசைவுகளில் தொடங்கும் ரூபிக்ஸ் கியூப்

புது ரூபிக்ஸ் கியூப் வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது, உடனே கலைத்துவிடாதீர்கள் என்பதைத்தான். ஆறு பக்கமும் நிறம் சேர்ந்திருக்கும்போது மட்டுமே பார்க்கக்கூடிய ஒன்று அதில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மஞ்சள் மேலேயும் வெள்ளை கீழேயும் இருக்கும்படி கியூபைப் பிடியுங்கள். பக்கவாட்டில் எந்த நிறம் உங்களைப் பார்த்து இருந்தாலும் சரி. இப்போது நான்கே அசைவுகள்:

வலது ஏற்று – மேல் இடது – வலது இறக்கு – மேல் வலது

'வலது ஏற்று' என்றால், வலக்கைப் பக்கத்து அடுக்கில் உங்களுக்கு எதிரே தெரியும் வரிசை மேலே போகும்படி கால் சுற்று திருப்புவது. 'இறக்கு' என்றால் அதே வரிசையைக் கீழே கொண்டுவருவது. 'மேல் இடது' என்றால், மேலடுக்கில் உங்களுக்கு முன்னால் இருக்கும் வரிசை உங்கள் இடக்கைப் பக்கம் போகும்படி கால் சுற்று. 'மேல் வலது' அதற்கு எதிர்த்திசை. ஒவ்வொன்றும் கால் சுற்றுதான். கியூபை மொத்தமாகத் திருப்பாமல் அதே பிடியில் வைத்திருங்கள்.

இந்த நான்கையும் ஒருமுறை செய்தால் ஒரு மூலையைச் சுற்றிக் கொஞ்சம் கலைந்தது போல இருக்கும். மறுபடியும் அதே நான்கு. மூன்றாவது முறை முடிந்ததும் நின்று பாருங்கள்: நான்கு மூலைகள் மட்டும் இடம் மாறி நிற்கும், மற்றதெல்லாம் சரியாக இருக்கும். இன்னும் மூன்று முறை செய்யுங்கள். ஆறாவது முறையின் கடைசி அசைவில் கியூப் முழுதாகச் சேர்ந்துவிடும்.

இதைச் செய்துகாட்டும்போது பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சித்திரை, வைகாசி விடுமுறையில் காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், உட்கார்ந்து ஆளுக்கொரு கியூபைத் திருகிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் வரும். அதற்கு மேல் வராது. இரண்டாவது பக்கத்தைத் தொட்டால் முதல் பக்கம் போய்விடுகிறதே என்பதுதான் எல்லோருடைய புகாரும். அதற்குப் பதில் இந்த நான்கு அசைவுகளுக்குள் இருக்கிறது.

நான்கையும் கவனித்துப் பாருங்கள். ஏற்றியதை மூன்றாவது அசைவில் இறக்குகிறோம். இடது போனதை நான்காவது அசைவில் வலது கொண்டுவருகிறோம். ஏற்றி உடனே இறக்கினால் எதுவும் மாறாது. நடுவே மேலடுக்கை ஒருமுறை நகர்த்தியதால்தான், இறக்கும்போது வேறு ஒரு துண்டு அந்த இடத்துக்குள் வருகிறது. கியூபில் நகரக்கூடிய துண்டுகள் 20. இந்த நான்கு அசைவுகளில் மாறுபவை ஏழு மட்டும். மற்ற 13 துண்டுகளும் கடைசியில் தன் தன் இடத்தில் இருக்கும். வெளியே எடு, நகர்த்து, திரும்பப் போடு, நகர்த்தியதை மீட்டுவிடு. கியூபைச் சேர்க்க உதவும் அசைவுத் தொடர்களில் பெரும்பாலானவை இந்த ஒரே யோசனையின் வெவ்வேறு வடிவங்கள்தான். இது பிடிபட்ட பிறகு எதையும் உருப்போட வேண்டியிருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் உருப்போடுவது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்து உருப்போடலாம்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், துண்டைப் பாருங்கள்

எங்கள் அப்பத்தா ஒருநாள் ஊஞ்சலில் இருந்தபடி பிள்ளைகள் திருகுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏப்பா, நடுவுல இருக்கிறது மட்டும் நகரவே இல்லையே?" என்று கேட்டார். கியூபைக் கையில் எடுக்காமலே அவர் கண்டுபிடித்தது இந்தப் புதிரின் அஸ்திவாரம்.

ஒவ்வொரு பக்கத்தின் நடுத்துண்டும் உள்ளே இருக்கும் அச்சோடு பூட்டப்பட்டிருக்கிறது. அது தன் இடத்திலேயே சுழலும், இடம் மாறாது. இன்று கடைகளில் கிடைக்கும் கியூப்களில் பெரும்பாலும் வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. எவ்வளவு கலைத்தாலும் இது மாறாது. ஆகவே ஒரு பக்கம் எந்த நிறமாக வேண்டும் என்று நடுத்துண்டே சொல்லிவிடுகிறது.

வெளியே தெரியும் துண்டுகள் மொத்தம் 26. நடுத்துண்டு 6, இரண்டு நிறம் கொண்ட ஓரத்துண்டு 12, மூன்று நிறம் கொண்ட மூலைத்துண்டு 8. வளவுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள்: ஓரக் கரைக்கென்று வார்த்த கல் கரையில்தான் போகும், கரை திரும்பும் மூலைக்கு வேறு கல். கியூபிலும் அப்படித்தான். மூலைத்துண்டு எவ்வளவு சுற்றினாலும் இன்னொரு மூலைக்குத்தான் போகும், ஓரத்துக்கு ஒருநாளும் வராது.

வெள்ளை, சிவப்பு, நீலம் கொண்ட மூலைத்துண்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளை, சிவப்பு, நீல நடுத்துண்டுகள் சந்திக்கும் மூலையே அதன் இடம். ஒரு பக்கம் சேர்த்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையின் கியூபைத் திருப்பிப் பார்த்தால், மேலே ஒன்பது வெள்ளை இருக்கும். ஆனால் பக்கவாட்டில் சிவப்பு நடுத்துண்டுக்கு மேல் பச்சை நிற்கும். அது சேர்ந்ததாகக் கணக்கில்லை. ஒவ்வொரு பக்கமாகச் சேர்க்க நினைப்பதை விட்டுவிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்காகச் சேர்க்க வேண்டும்.

இதைக் குருட்டாம்போக்கில் திருகிச் சேர்த்துவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. கியூபுக்கு 43,252,003,274,489,856,000 நிலைகள் இருக்கின்றன. நம் கணக்கில் சுமார் 4 லட்சத்து 32 ஆயிரம் கோடி கோடி. நொடிக்கு ஒரு நிலை என்று பார்த்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போலச் சுமார் நூறு மடங்கு காலம் ஆகும். ஆச்சரியம் என்னவென்றால், எந்த நிலையில் இருந்தும் அதிகபட்சம் 20 அசைவுகளில் (அரைச் சுற்றையும் ஒரே அசைவாக எண்ணினால்) சேர்த்துவிடலாம் என்று 2010இல் கணினிகளின் உதவியோடு நிறுவியிருக்கிறார்கள். அந்த 20ஐ மனிதக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். நாம் நூறுக்கு மேற்பட்ட அசைவுகளில் நிதானமாகப் போவோம். 1974இல் இதை உருவாக்கிய புடாபெஸ்ட் பேராசிரியர் எர்னோ ரூபிக்குக்கே, தான் கலைத்த கியூபைத் தானே சேர்க்கச் சுமார் ஒரு மாதம் ஆனது. அவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

வெள்ளைச் சிலுவை

இப்போது கலைத்துவிடலாம். மஞ்சள் நடுத்துண்டு மேலே இருக்கட்டும். அதைச் சுற்றி நான்கு வெள்ளை ஓரத்துண்டுகளைக் கொண்டுவருவது முதல் வேலை. மஞ்சளைச் சுற்றி நான்கு வெள்ளை இதழ்கள். இதற்குச் சூத்திரம் எதுவும் தரமாட்டேன், தேடிப் பழகுவதுதான் நல்லது. நடு அடுக்கில் வெள்ளை இருந்தால், அது இருக்கும் பக்கத்துக்கு அண்டைப் பக்கத்தைத் திருப்பினால் மேலே வந்துவிடும். வெள்ளை பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு மேலேயோ கீழேயோ இருந்தால், அந்தப் பக்கத்தை ஒருமுறை திருப்பினால் நடு அடுக்குக்கு வரும். அப்புறம் முன்பு போலத்தான். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: மேலே ஏற்கெனவே வந்து நிற்கும் வெள்ளையை இடிக்காமல், காலி இடத்தை அங்கே நகர்த்தி வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

நான்கும் வந்த பிறகு, ஒவ்வொரு வெள்ளைத் துண்டின் பக்கவாட்டு நிறத்தையும் பாருங்கள். மேலடுக்கைச் சுற்றி, அந்த நிறத்தைத் தன் நடுத்துண்டோடு சேருங்கள். சேர்ந்ததும் அந்தப் பக்கத்தை இரண்டு முறை திருப்பினால் வெள்ளை கீழே போய் உட்காரும். நான்குக்கும் இப்படிச் செய்தால் கீழே வெள்ளைச் சிலுவை தயார். இனி கடைசிக் கட்டம் வரை வெள்ளை கீழேதான்.

வெள்ளை மூலைகள்

நாம் பழகிய நான்கு அசைவுகள் இங்கே முதன்முறையாக வேலைக்கு வருகின்றன. 'வலது நான்கு' என்று அதைக் கூப்பிடுவோம்.

மேலடுக்கில் வெள்ளை உள்ள ஒரு மூலைத்துண்டைத் தேடுங்கள். அதன் மற்ற இரண்டு நிறங்கள் எவை என்று பாருங்கள். பச்சையும் சிவப்பும் என்றால், பச்சை நடுவும் சிவப்பு நடுவும் சந்திக்கும் மூலைக்கு நேர் மேலே அதைக் கொண்டுவாருங்கள். அந்த மூலை உங்கள் முன்பக்கம், வலக்கை ஓரத்தில் இருக்கும்படி பிடியுங்கள். இனி வலது நான்கு. துண்டு கீழே போகும், திரும்பி வரும், வேறு விதமாகத் திரும்பி மறுபடியும் போகும். வெள்ளை கீழே பார்த்தபடி உட்காரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு முறையில் வரலாம், மூன்றில் வரலாம், ஐந்தைத் தாண்டாது.

மேலே வெள்ளை மூலையே இல்லை, கீழே தவறான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த இடத்தில் ஒருமுறை வலது நான்கு செய்தால் வெளியே வந்துவிடும்.

நடு அடுக்கு

இதற்கு 'இடது நான்கு' வேண்டும். கண்ணாடியில் பார்த்த மாதிரி அதே தொடர்தான்:

இடது ஏற்று – மேல் வலது – இடது இறக்கு – மேல் இடது

மேலடுக்கில் மஞ்சள் இல்லாத ஓரத்துண்டு ஒன்றை எடுங்கள். மேலடுக்கைச் சுற்றி, அதன் முன் நிறத்தைத் தன் நடுத்துண்டோடு சேருங்கள். அந்தப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். துண்டின் மேல்நிறம் எது? அது வலப்பக்க நடுத்துண்டின் நிறம் என்றால் துண்டு வலப்பக்கம் இறங்க வேண்டும். முதலில் 'மேல் இடது', அதாவது போக வேண்டிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். பிறகு வலது நான்கு. பிறகு வலப்பக்கம் இருந்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி முழுக் கியூபையும் திருப்பி, இடது நான்கு.

இடப்பக்கம் போக வேண்டியதென்றால் எல்லாமே எதிர்: 'மேல் வலது', இடது நான்கு, இடப்பக்கத்தை முன்னே கொண்டுவந்து வலது நான்கு.

பாதி வழியில் ஒரு வெள்ளை மூலை வெளியே வந்து நிற்கும். கஷ்டப்பட்டுச் செய்தது போச்சே என்று பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். வலது நான்கு அந்த மூலையை வெளியே எடுக்கிறது. இடது நான்கு அதையும் ஓரத்துண்டையும் ஜோடியாக உள்ளே போடுகிறது. மெதுவாகச் செய்து இரண்டும் சேர்ந்து இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். என்னைக் கேட்டால் கியூப் கற்பதில் மிக அழகான இடம் இதுதான்.

நடு அடுக்கில் ஒரு துண்டு தவறாக உட்கார்ந்திருந்தால், அந்த இடத்தில் மேலே உள்ள ஏதாவது ஒன்றை இதே முறையில் இறக்குங்கள். தவறானது மேலே வந்துவிடும்.

மஞ்சள் அடுக்கு

கீழே இரண்டு அடுக்கு முடிந்துவிட்டது. மேலே மஞ்சள் ஓரத்துண்டுகளை மட்டும் பாருங்கள், மூலைகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நடுவில் மட்டும் மஞ்சள் இருக்கலாம், நடுவோடு இரண்டு ஓரங்கள் சேர்ந்து ஒரு முனையாக மடிந்திருக்கலாம், நேர்க்கோடாக இருக்கலாம், சிலுவையே வந்திருக்கலாம். சிலுவை வராவிட்டால் இதைச் செய்யுங்கள்:

முன்பக்கத்தைக் கடிகார முள் திசையில் கால் சுற்று – வலது நான்கு – முன்பக்கத்தை எதிர்த்திசையில் கால் சுற்று

கோடு என்றால் அது இடமிருந்து வலமாகக் கிடக்கும்படி பிடியுங்கள், ஒரே முறையில் சிலுவை வரும். மடிந்த முனை என்றால் அதன் இரு கைகளும் பின்பக்கமும் இடப்பக்கமும் இருக்கும்படி பிடியுங்கள். முதல் முறை கோடாகும், அதே பிடியில் மறுமுறை சிலுவையாகும். புள்ளி மட்டும் என்றால் ஒருமுறை செய்ததும் முன்னும் வலதுமாக முனை வரும். கியூபை அரைச் சுற்று திருப்பினால் அது பின்னும் இடதுமாகிவிடும்.

அடுத்து, சிலுவையின் பக்கவாட்டு நிறங்கள். மேலடுக்கைச் சுற்றிப் பார்த்தால், ஏதோ ஒரு நிலையில் குறைந்தது இரண்டு ஓரங்கள் தங்கள் நடுத்துண்டோடு சேரும். அந்த இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், ஒன்று பின்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் வரும்படி பிடித்து இதைச் செய்யுங்கள்:

வலது ஏற்று – மேல் இடது – வலது இறக்கு – மேல் இடது – வலது ஏற்று – மேல் இரண்டு முறை – வலது இறக்கு – மேல் இடது

முன்னும் இடதும் இருந்தவை இடம் மாறி, நான்கும் சரியாகிவிடும். சேர்ந்த இரண்டும் எதிரெதிரே இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்தாவது ஒருமுறை இதைச் செய்துவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள், அடுத்தடுத்து வந்துவிடும்.

பிறகு மூலைகள் இடத்துக்குப் போக வேண்டும். திசை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று நிறமும் அந்த மூலைக்குரியவையா என்று மட்டும் பாருங்கள். சரியான ஒரு மூலை இருந்தால் அதை முன்பக்கம் வலது மேலே வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே சரியில்லை என்றால் எப்படியும் பிடியுங்கள்.

மேல் இடது – வலது ஏற்று – மேல் வலது – இடது ஏற்று – மேல் இடது – வலது இறக்கு – மேல் வலது – இடது இறக்கு

இது ஒரு மூலையை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சுற்றில் மாற்றும். சரியான மூலை ஒன்று இருந்திருந்தால் ஒன்றிரண்டு முறையில் எல்லாம் இடத்துக்கு வரும். இல்லையென்றால் ஒருமுறை செய்ததும் ஒரு மூலை சரியாகும். அதை வைத்துத் தொடருங்கள்.

கடைசிக் கட்டம்

மீதி இருப்பது மூலைகளை அந்தந்த இடத்திலேயே முறுக்குவது. மறுபடியும் வலது நான்குதான். முழுக் கியூபையும் தலைகீழாகத் திருப்புங்கள்; வெள்ளை மேலே, மஞ்சள் கீழே. திசை தப்பான ஒரு மஞ்சள் மூலை முன்பக்கம் வலது கீழே இருக்கும்படி பிடித்து, அதன் மஞ்சள் கீழே பார்க்கும்வரை வலது நான்கு செய்யுங்கள். இரண்டு அல்லது நான்கு முறை ஆகும்.

இதற்குள் மேலே எல்லாம் கலைந்திருக்கும். பிடியை மாற்றாமல், கீழடுக்கை மட்டும் சுற்றி, அடுத்த தப்பான மூலையை அதே முன்-வலது இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி செய்யுங்கள். கடைசி மூலை சரியாகும்போது கலைந்தது அத்தனையும் கூடவே சேர்ந்துவிடும். முதலில் சேர்ந்த கியூபில் ஆறு முறை செய்து பார்த்தோமே, அதே கணக்குதான்: ஒரு மூலைக்கு இரண்டு, இன்னொன்றுக்கு நான்கு என்று மொத்தம் எப்போதும் ஆறின் மடங்காகவே வந்து முடியும். கீழடுக்கைச் சுற்றி நிறங்களைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

இந்தக் கட்டத்தில் சறுக்குவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். மூன்றாவது அசைவிலேயே மஞ்சள் கீழே வந்துவிட்டதைப் பார்த்து, நான்காவது அசைவைச் செய்யாமல் அடுத்த மூலைக்குப் போய்விடுவார்கள். மேல் வலது என்று வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள். இன்னொரு காரணம், நடுவில் கியூபை மொத்தமாகத் திருப்பிவிடுவது. முன்பக்க நடுத்துண்டு எந்த நிறம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் அது நடக்காது.

சில சின்ன விஷயங்கள். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்தால் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்று போலத் தெரியும். வளவின் திறந்த வெளிச்சத்துக்கு வந்து உட்காருங்கள். கியூப் இறுக்கமாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம் ஊர்ச் செம்மண் தூசியும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே பிசுக்காகிவிடும். கியூபுக்கென்றே சிலிகோன் எண்ணெய் கிடைக்கிறது, இரண்டு சொட்டு போதும். நேரம் பார்த்துச் செய்வதை முதல் சில வாரங்களுக்கு ஒத்திவையுங்கள். 1982இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்ற நேரம் 22.95 நொடி, இன்றைய சாதனையாளர்கள் நான்கு நொடிக்குள் முடிக்கிறார்கள். அவர்கள் கற்பது இதே துண்டுகளின் இன்னும் நிறைய தொடர்களை. முதலில் தாளைப் பார்க்காமல் சேர்க்க வந்தால் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும், கடைசியில் ஒரே ஒரு மூலை மட்டும் முறுக்கியபடி நிற்கிறதா? மஞ்சள் சிலுவைக் கட்டத்தில் ஒரே ஒரு ஓரம் அல்லது மூன்று ஓரங்கள் மட்டும் மஞ்சளாக இருக்கின்றனவா? அப்படியானால் தப்பு உங்கள் மேல் இல்லை. வீட்டில் யாரோ சின்னப்பிள்ளை கியூபைக் கழற்றி இஷ்டம் போலப் பூட்டியிருக்கும், அல்லது தளர்ந்த கியூபில் மூலை தானே முறுக்கிக்கொண்டிருக்கும். கழற்றிய கியூபைக் கண்டபடி பூட்டினால், பன்னிரண்டில் ஒரு வாய்ப்பில்தான் அது சேர்க்கக்கூடிய நிலையில் அமையும். முறுக்கிய மூலையைக் கையாலேயே திருப்பிவிடலாம். மற்றபடி, துண்டுகளைக் கழற்றி, ஆறு பக்கமும் நிறம் சேர்ந்த நிலையிலேயே பூட்டி, அதன்பிறகு கலைத்துத் தொடங்குங்கள்.